சூலக் காம்பில் ஒரு விரிசல்

ஈர வண்டல் மண்ணின் மேல் துடைப்பம் விழும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் வேறு எதனோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கல்லில் துணி அடிப்பதுபோல் அது எதிரொலிக்காது. அடியை மண் அப்படியே விழுங்கிக்கொண்டு, "சளப்" என்று ஒரு பதில் மட்டும் சொல்லும். மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் நண்பகலில், எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு "தொடப்பக்கட்டை"யோடு சுடுகாட்டில் கூடி, அங்கே மல்லாந்து கிடக்கும் மண் அரக்கனை அடித்துத் துவைக்கும்போது எழும் அந்தச் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும் என்பார்கள். நான் அடுத்த ஊரில் நின்று கேட்டதில்லை. அடிப்பவர்களுக்கு நடுவில், கையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கேட்டிருக்கிறேன்.

வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இப்போது அந்த இடத்துக்கு ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் "பாரம்பரியத் திடல்" என்று எழுதியிருக்கிறது. கிராமக் கணக்கில் அது இன்றும் சுடுகாட்டுப் புறம்போக்குதான். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற எனக்கு, ஒரு புறம்போக்கின் வகைப்பாட்டை மாற்ற எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து, எத்தனை மாதம் என்பதெல்லாம் மனப்பாடம். பெயரை மாற்றுவதற்கு ஒரு கொத்தனாரும் இரண்டு மூட்டை சிமென்டும் போதும் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மயானக் கொள்ளை என்பது எங்கள் பக்கத்து அங்காளம்மன் கோயில்களில் எல்லாம் நடப்பதுதான். ஊருக்கு ஊர் முறை மாறும். எங்கள் ஊரில் ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, முப்பது முழ நீளத்துக்கு ஓர் அரக்கனைப் படுக்க வைப்பார்கள். கண்ணுக்குச் சுண்ணாம்பு, மீசைக்குப் பனைநார், வயிற்றுக்குள் ஆரத்தித் தண்ணீர் நிரப்பிய ஒரு மண்பானை. அம்மன் வேடம் கட்டிய ஆண் ஒருவர், தலையில் கிரீடமும் நீலம் பூசிய முகமும் கோரைப்பல்லும் சிவப்புச் சேலையுமாக, வாயில் ஆட்டு ஈரலைக் கவ்விக்கொண்டு, பம்பையும் உடுக்கையும் முன்னால் போக, கோயிலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவார். வழியில் நீட்டப்படும் சேவல்களின் கழுத்தைக் கடித்து எறிவார். சுடுகாட்டுக்கு வந்ததும் அரக்கனின் வயிற்றில் சூலத்தைக் குத்துவார். பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதற்கப்புறம் பெண்கள் முறை. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த மண்ணின் மேல் இறக்குவார்கள். அப்போது துடைப்பம் யார் மேல் பட்டாலும் கேட்கக் கூடாது. பீடை கழிந்தது என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மன் வேடம் கட்டுபவருக்குப் பத்து நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள்: வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு. கட்டியவர் கோயிலிலேயே படுக்க வேண்டும், ஒருவேளைச் சோறு, வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது, பெண்கள் மேல் கை படக் கூடாது. மயானக் கொள்ளைக்கு மறுநாள் விடியற்காலையில் பூசாரிதான் நூலை அவிழ்ப்பார். பிற்காலத்தில் நான் படித்த எந்த அரசாணையும் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டதில்லை. இதுவோ எழுதப்படவே இல்லை.

என் அப்பாவின் தங்கை சொர்ணம் அத்தையின் கணவர் வேலாயுதம் மாமாதான் ஏழெட்டு ஆண்டுகளாக எங்கள் ஊரின் அம்மன். செங்கல் சூளையில் மேஸ்திரி, ஆறடி உயரம், அந்தச் சேலை அவருக்கு அவ்வளவு பொருந்தும். பெண்கள் அவர் காலில் விழுந்து குங்குமம் வாங்குவார்கள். அத்தையும் விழுவாள். எந்தக் கால் தன்னை உதைக்கிறதோ அந்தக் காலில் விழுந்து எழுந்திருப்பது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அந்த வயதில் யோசிக்கவில்லை. எனக்குப் பத்து வயது.

அவர் அடிப்பது ஊருக்கே தெரியும். அத்தைக்கு இடது காது கேட்காது. யாராவது பேசினால் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுப்பாள். அதைப் பாசம் என்று நாங்கள் குழந்தைகள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை அவள் தலைமுடியைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சூளைக்குப் போய்விட்டார். அந்த மாசியில், காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கிணற்றடியில் யாரிடமோ சிரித்தாள் என்று உலக்கையால் அவள் வலது மணிக்கட்டை உடைத்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா அவள் கையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "ஆம்பளன்னா ஒரு நேரம் கை நீளத்தான் செய்யும். திருநா முடியட்டும். காப்பு அவுத்ததும் நானே கூட்டினு போய் வுடறேன்" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்த நடைமுறை அவ்வளவுதான்.

ஆக, அத்தைக்குப் பன்னிரண்டு நாள் கிடைத்தது. ஊருக்கு அது திருவிழா. அவளுக்கு அது கெடு. காப்புக் கட்டிக் கொடி ஏறிய அன்றைக்கு எல்லாரும் மேளத்துக்குப் பின்னால் ஓட, அவள் எங்கள் வீட்டுச் சுவரில் கரியால் பத்துக் கோடு போட்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு கோட்டை அழிப்பாள். நான் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, ஒரு நாள் அவளுக்கு முந்திக்கொண்டு நானே ஒன்றை அழித்துவிட்டேன். அத்தை என்னை அறைந்தாள். அவள் யாரையும் அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நாள் கொறையறதுல உனுக்கு இன்னாடி அவசரம்" என்றாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பூசாரிக்கு முறை வைத்து வீடுகளில் சாப்பாடு போடுவார்கள். எங்கள் முறை வந்த நண்பகலில் அத்தை இடது கையில் கரண்டியைப் பிடித்துப் பரிமாறினாள். இடது கைச் சோற்றைப் பார்த்ததும் பூசாரி ஒரு கணம் தயங்கினார்; கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எழுபது வயதுக்காரர், பேச்சில் கணக்கானவர்.

"ஒண்ணு கேக்கணும் பெரியவரே," என்றாள் அத்தை, குழம்பை ஊற்றிக்கொண்டே. "அரக்கன் வயித்துல குத்தினதும் நீங்க கிரீடத்த எறக்கி வாங்கிக்கினு போயிடறீங்களே. அப்பறம் வேஷம் கட்டினவரு அம்மனா, ஆளா?"

"கிரீடம் எறங்கினா அம்மனும் எறங்கியாச்சிம்மா. அப்பறம் வெறும் ஆளுதான்."

"காப்பு?"

"காப்பு மறுநாளு விடியக்காலம்தான். அதுவரிக்கும் வெரதம் வெரதம்தான்."

"நடுவுல அவரே அறுத்துப் போட்டுட்டா?"

பூசாரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்டி எவன் அறுப்பான்?"

"அறுத்துட்டா இன்னா ஆவும்னு கேட்டேன்."

"அவன் வூட்ல அடுப்பு எரியக் கூடாது. ஊரு சாவிய வாங்கி அம்மன் காலடில வெச்சிடும். எங்க அப்பாரு காலத்துல சொல்லிக்கினு இருப்பாங்க, நான் பாத்தது இல்ல."

"எத்தினி நாளைக்கி?"

"எத்தினி நாளா? காப்பறுத்தா அறுத்ததுதாம்மா."

"மோர் ஊத்தட்டுங்களா?" என்றாள் அத்தை.

எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு இதில் எதுவும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. முப்பது வருடம் மனு வாங்கிப் பழகிய பிறகுதான், விவரம் தெரிந்தவர்கள் எப்படிக் கேள்வி கேட்பார்கள் என்பது எனக்குப் புரிந்தது: தங்கள் பெயரைச் சொல்லாமல், பதிலுக்கு அவசரப்படாமல், நடுவில் மோர் ஊற்றிக்கொண்டு.

கடைசிக் கோடு அழிந்த அன்று காலையில் அத்தை புதுத் துடைப்பம் ஒன்றைக் கட்டச் சொன்னாள். ஈர்க்குகளை நான் பொறுக்கிக் கொடுக்க, அம்மா கயிறு சுற்றினாள். "ஒத்தக் கைய வெச்சிக்கினு எங்க போய் அடிக்கப் போற?" என்று அம்மா கேட்டதற்கு, "ஒத்தக் கை இருக்குதே அண்ணி" என்றாள். என்னிடம் முறத்தைக் கொடுத்துக் கூடவே வரச் சொன்னாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. புளியமரத்தடியில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் மாமா அன்றைக்கு உக்கிரமாக வந்தார். மார்பு முழுக்கச் சேவல் ரத்தம், வாயில் ஈரல், பார்வை ஒரு இடத்தில் நிற்கவில்லை. சூலம் அரக்கனின் வயிற்றில் இறங்கியதும் சிவப்புத் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. பம்பை நின்றது. பூசாரி கிரீடத்தை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியே போனார். சூலம் வயிற்றிலேயே செங்குத்தாக நின்றது. பெண்கள் பாய்ந்தார்கள்.

சளப், சளப் என்று நாலா பக்கமும் மண் தெறித்துக்கொண்டிருந்தபோது, அத்தை அரக்கனுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒதுங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் நேராகப் போய், இடது கையால் துடைப்பத்தை ஓங்கி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், பீடை கழிகிறது அல்லவா. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது முகத்தில். ஈர்க்கு கிழித்து உதட்டில் ரத்தம் வந்தது. இது சேவலுடையது இல்லை.

"போதும் சொர்ணம்," என்றார் யாரோ.

அத்தை நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் இடது கையால் துடைப்ப அடி வாங்குவதைவிட ஓர் ஆணுக்குக் கேவலம் கிடையாது. முகத்திலேயே நாலு, ஐந்து. பெண்கள் ஒவ்வொருவராக மண்ணை அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அமைதியில், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் அத்தை சொன்னாள்: "மண்ண குத்தறதுக்கு ஆறடி ஆளு. இன்னாத்துக்கு நிக்கிற? கைய ஓங்கேன், பாக்கலாம்."

மாமாவின் வலது கை உயர்ந்தது. உயர்ந்த கையில் மஞ்சள் நூல் அவர் கண்ணில் பட்டது. கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அடுத்து அவர் செய்ததை எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். காப்புக் கையால் பெண்ணை அடித்தால் தெய்வக் குத்தம். ஆகவே, அந்தக் கோபத்திலும் முறை தவறாமல், மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய் நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பினார். அப்புறம் அரக்கனின் வயிற்றிலிருந்து சூலத்தைப் பிடுங்கினார்.

முதல் அடி காம்பால் அவள் வலது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறியும் சத்தம் சுள்ளி ஒடிவதுபோல் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அத்தை விழுந்தாள். விழுந்தவளின் வயிற்றில் உதைத்தார். சேலை தடுக்கியதால் அதை இடது கையால் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி உதைத்தார். இரண்டாவது முறை சூலத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கியபோது நான் முறத்தை அவர் காலில் வீசினேன். அது பட்டதா என்று தெரியாது. அத்தை அரக்கனின் பிளந்த வயிற்றுக்குள் உருண்டாள். காம்பு, பிணத்தை இறக்கி வைக்கும் கல்லில் மோதி நீளவாட்டில் பிளந்தது. அவள் தலை இருந்த இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

நாலு ஆண்கள் அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள். பெண்கள் அழுதார்கள், கத்தினார்கள். போலீஸ்காரர்கள் வந்து, "இன்னா, குடும்பத் தகராறா?" என்று கேட்டுவிட்டு மரத்தடிக்குத் திரும்பினார்கள். பூசாரி கிரீடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, சேற்றில் கிடந்த நூலைக் குனிந்து எடுத்தார். அதைக் கையில் ஏந்திய பிறகுதான் கூட்டம் நிஜமாகவே வாயடைத்துப் போனது. ஒரு பெண் முறிந்த எலும்போடு கிடந்ததற்கு அது வாயடைக்கவில்லை.

"யார் அறுத்தது?" என்றார் பூசாரி.

"நான்தான்," என்றார் மாமா, மண்ணில் அழுந்திய வாயால். குரலில் பெருமைகூட இருந்தது. "காப்போட பொம்பள மேல கை வெக்கக் கூடாதுன்னுதான் அறுத்துட்டு அடிச்சேன். முறை தெரியாதவன் இல்ல நான்."

"அப்போ சாவிய குடு."

மாமா புரியாமல் பார்த்தார். ஒருவர் அவர் இடுப்பைத் தடவி, சேலைக்கு அடியில் அரைஞாணில் முடிந்திருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உலக்கைக்கு வாய் திறக்காத ஊர், ஒரு மஞ்சள் நூலுக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்பா மட்டும் மெல்ல முன்னால் வந்தார். "பூசாரியாரே, அவன் வூட்ட பூட்டிட்டா... நாளைக்கி இவள நான் எங்க கொண்டு போய் வுடறது?"

"அடுப்பில்லாத வூட்டுக்கு எப்டிப்பா அனுப்புவ?" என்றார் பூசாரி. அப்போது அவர் அத்தையைப் பார்த்தார். வயிற்று மண்ணுக்குள், முகமெல்லாம் சிவப்பும் சேறுமாக அவள் கிடந்தாள். மோர் ஊற்றிய நண்பகல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நூலையும் சாவியையும் ஒன்றாக மடியில் முடிந்துகொண்டு, கிரீடத்தை எடுக்கப் போனார். அவரும் நல்ல அதிகாரிதான்.

மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு அத்தையை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள். பாதி வழியில் கண்ணைத் திறந்து, வலது காதை என் பக்கம் திருப்பி, "சாவிய வாங்கிட்டாங்களாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ரெண்டாவது கைக்கும் கட்டு போடணுமா?" என்றாள். இல்லை, தோள்தான் என்றேன். "அப்போ இடது கை இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமா அந்த வாரமே ஊரை விட்டுப் போனார், அப்புறம் திரும்பவில்லை. அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். வெகுகாலம் கழித்து வயல்களில் தொழிற்சாலைகள் எழுந்தபோது, அவற்றில் ஒன்றின் கேன்டீனில் நாற்பது ஆண்களை விரட்டி வேலை வாங்கும் தலைமைச் சமையல்காரியானாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பதிவறையில் வேறு எதையோ தேடும்போது அந்த வருடத்துத் திருவிழா பந்தோபஸ்து அறிக்கை கையில் கிடைத்தது. "விழா அசம்பாவிதம் ஏதுமின்றி இனிதே முடிவுற்றது" என்றிருந்தது. பிற்பாடு எத்தனையோ கோப்புகளில் அதே வாக்கியத்தை நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதும் ஒவ்வொரு தடவையும், யாருடைய காறை எலும்போ என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த இடம் சுற்றுலாத் தலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன: காலையில் ஸ்ரீபெரும்புதூர் கோயில், நண்பகலில் எங்கள் திடல், மாலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. ஷிப்டும் ஓ.டி.யும் இடம் கொடுக்காததால் பத்து நாள் விழா மூன்று நாளாகிவிட்டது. அம்மன் வேடக்காரரை வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்கள். காப்பை மேடையில் கட்டி மேடையிலேயே அவிழ்த்துவிடுகிறார்கள். அரக்கன் சிமென்டில் நிரந்தரமாகப் படுத்திருக்கிறான், எனாமல் பெயின்டில் பளபளவென்று. வயிற்றுக்குள் பிளாஸ்டிக் குழாய் பதித்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் சிவப்புத் தண்ணீர் பீறிடும். சுற்றிலும் கம்பிவேலி. "சிலையைத் தொடாதீர்கள். துடைப்பம், முறம் முதலியவற்றுக்கு உள்ளே அனுமதி இல்லை." மண்ணாக இருந்தவன் ஆண்டுக்கொருமுறையாவது செத்தான். இவனுக்குச் சாவே இல்லை.

போன மாதம் விழாக் குழுவினர் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். நடைமுறை தெரிந்தவள் என்று, பொருட்களின் பதிவேட்டைச் சரிபார்த்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்ட அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி மேல் அந்தச் சூலம் இருந்தது. அத்தை கிட்டத்தில் போய்க் கண்ணாடி மேல் இடது உள்ளங்கையை வைத்தாள்.

"பாட்டி, கண்ணாடில கைய வைக்காதீக," என்றாள் காவலுக்கு இருந்த தெற்கத்திப் பெண்.

"இதுக்கு இன்னாத்துக்கு கண்ணாடி?" என்றாள் அத்தை, கையை எடுக்காமல். "இனிமே இது யார அடிக்கப் போவுது?"

பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். பொருள்: சூலம். தலை: இரும்பு. காம்பு: வேங்கை மரம். நிலை: காம்பில் நீளவாட்டில் விரிசல். காரணம்: தெரியவில்லை.

பேனாவைத் திறந்து, கடைசிச் சொல்லைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். திருத்தத்துக்கு அதுதான் முறை. பிறகு அத்தையின் வலது காதருகே குனிந்து, இங்கே என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

அவள் சூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல அடிச்சது நான்னு எழுது," என்றாள். "இடது கைலன்னும் எழுது."